பராமரிப்பவருக்கும் ஒரு பதிவு

நோயுற்றவருக்கு மருந்து வாங்கி வருவது உலகெங்கும் குடும்பத்தாரின் இயல்பான கடமை. மருத்துவர் சீட்டு எழுதித் தருகிறார். மகனோ, மனைவியோ, பக்கத்து வீட்டுக்காரரோ மருந்துக் கடைக்குச் சென்று வாங்கி வருகின்றனர். வாங்கி வருபவர் யார், அவருக்கு என்ன தகுதி என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால், அந்த மருந்து கஞ்சாவாக இருந்தால்? அமெரிக்காவின் பல மாகாணங்கள் இந்தக் கேள்விக்குக் கண்ட விடைதான் 'பதிவு பெற்ற பராமரிப்பாளர்' என்னும் ஏற்பாடு.

மிச்சிகன் மாகாணத்தில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது இந்த ஏற்பாட்டைப் பற்றி முதன்முதலாக அறிந்தேன். அண்டை வீட்டு முதியவர் ஒருவர், தசை இறுக்கத்தாலும் தீராத வலியாலும் அவதியுறும் தம் மனைவிக்காக இவ்வாறு பதிவு செய்துகொண்டவர். அவருடன் உரையாடிய பிறகு, அது தொடர்பான சட்டங்களையும் தீர்ப்புகளையும் தேடிப் படித்தேன். கஞ்சா நல்லதா, கெட்டதா என்ற வாதத்தைக் காட்டிலும், வீட்டில் ஒருவர் ஊதியமின்றிச் செய்யும் பராமரிப்பு என்னும் உழைப்பைச் சட்டம் எவ்வாறு கையாள்கிறது என்பதே, பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் கவனத்தை ஈர்த்தது.

இத்தகைய பதிவு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். 1970-ஆம் ஆண்டின் அமெரிக்கப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், ஏற்கத்தக்க மருத்துவப் பயன் இல்லாதவை என்று கருதப்படும் பொருள்களின் முதல் அட்டவணையில் கஞ்சாவைச் சேர்த்தது. அதனால் மருத்துவர் அதற்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. வழக்கமான மருந்துக் கடையில் அது கிடைக்காது. மருத்துவக் காப்பீடும் செலவை ஏற்காது. நோயாளிக்கு இது பயன்படலாம் என்று மருத்துவர் சான்றளிக்க மட்டுமே இயலும். அவ்வாறு பரிந்துரைப்பது மருத்துவரின் பேச்சுரிமையைச் சார்ந்தது என்று 2002-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மூன்றாம் அட்டவணைக்கு அதை மாற்றலாம் என்ற முன்மொழிவை அமெரிக்க அரசு வெளியிட்டதே 2024-இல்தான்.

ஆக, மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே இருக்க வேண்டிய சங்கிலி இங்கே அறுந்து கிடக்கிறது. படுக்கையில் இருக்கும் நோயாளி தாமே செடி வளர்க்கவோ, நெடுந்தொலைவு சென்று வாங்கவோ முடியாது. அவருக்காக வேறொருவர் அதைக் கையில் எடுத்தால், அந்த நொடியே அவர் சட்டத்தின் கண்ணில் கடத்தல்காரர். இந்த இடைவெளியை நிரப்பவே பராமரிப்பாளர் என்ற சட்டத் தகுதி உருவாக்கப்பட்டது.

இதன் தொடக்கம் எய்ட்ஸ் நோய் பரவிய காலத்து சான்பிரான்சிஸ்கோ நகரம். அந்நகரின் பொது மருத்துவமனையில் தன்னார்வத் தொண்டராக இருந்த மேரி ராத்பன் என்னும் மூதாட்டி, பசியிழந்து மெலிந்த எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கஞ்சா கலந்த பிரௌனி கேக்குகளைச் செய்து இலவசமாக வழங்கினார். அதற்காகப் பலமுறை கைது செய்யப்பட்டார். 'பிரௌனி மேரி' என்று மக்கள் அவரை அழைத்தனர். இத்தகையோர் திரட்டிய மக்கள் ஆதரவின் விளைவாக, 1996-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் பொது வாக்கெடுப்பின் மூலம் மருத்துவக் கஞ்சாவை ஏற்ற முதல் மாகாணத்தவர் ஆயினர். அச்சட்டம் நோயாளியோடு 'முதன்மைப் பராமரிப்பாளர்' என்பவருக்கும் பாதுகாப்பளித்தது. நோயாளியின் உறைவிடம், உடல்நலம் அல்லது பாதுகாப்புக்குத் தொடர்ந்து பொறுப்பேற்று வருபவரே பராமரிப்பாளர் என்று அது வரையறுத்தது.

இந்த வரையறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கஞ்சாவை வளர்த்துக் கொடுப்பதாலேயே ஒருவர் பராமரிப்பாளராகிவிட முடியுமா என்ற கேள்வி, 2008-இல் கலிஃபோர்னியா உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. முடியாது என்றது நீதிமன்றம். கஞ்சா வழங்குவதற்கு அப்பாற்பட்ட பராமரிப்பு இருக்க வேண்டும். கஞ்சா விஷயத்தில் உதவத் தொடங்கும்போதோ அதற்கு முன்போ அப்பொறுப்பு ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது விளக்கியது. பராமரிப்பு முதலில், பொருள் பின்னர் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மிச்சிகன் மாகாணத்தில் இம்முறை 2008-இல் பொது வாக்கெடுப்பு வழியே வந்தது. நோயாளி முதலில் மருத்துவரின் சான்றைப் பெற்று மாகாண அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அவர்தான் தம் பராமரிப்பாளரைப் பெயர் குறித்து நியமிக்கிறார். பராமரிப்பாளர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். கடந்த 10 ஆண்டுகளில் கடுங்குற்றம் எதிலும் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. போதைப்பொருள் அல்லது வன்முறை தொடர்பான கடுங்குற்றம் என்றால் எக்காலத்திலும் கூடாது. ஒரு நோயாளிக்கு ஒரே பராமரிப்பாளர். ஒரு பராமரிப்பாளருக்கு அதிகபட்சம் 5 நோயாளிகள். நோயாளி ஒருவருக்கு 12 செடிகள் வரை, பூட்டிய தனி இடத்தில் வளர்க்கலாம். பயன்பாட்டுக்கு உரியதாக 2.5 அவுன்ஸ், அதாவது சுமார் 70 கிராம் வைத்திருக்கலாம். நோயாளி 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், இரு மருத்துவர்களின் சான்று தேவை. பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் பராமரிப்பாளராக முடியும்.

இந்த எண்களில் ஒரு பொருளியல் சிந்தனை ஒளிந்துள்ளது. உற்பத்தி பெருகினால் அலகுக்கான செலவு குறையும் என்பது பாடநூல் விதி. 5 நோயாளிகள், 60 செடிகள் என்ற உச்சவரம்பு, வேண்டுமென்றே அந்த ஆதாயத்தைத் தடுக்கிறது. பராமரிப்பாளர் தமக்கு ஏற்படும் செலவை நோயாளியிடமிருந்து ஈடாகப் பெறலாம் என்று சட்டம் கூறுகிறது. விளக்கு, மின்சாரம், மண், உரம் இவற்றுக்குக் கணக்கு உண்டு. இரவு விழித்திருந்ததற்குக் கணக்கு இல்லை. லாபத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அன்பையும் செலவுக் கணக்கையும் மட்டும் உள்ளே அனுமதிக்கும் முயற்சி இது.

ஃபுளோரிடா மாகாணம் இன்னும் கண்டிப்பானது. 2016-இல் 71 சதவீத வாக்காளர் ஆதரவுடன் அங்கு மருத்துவக் கஞ்சா விரிவாக அனுமதிக்கப்பட்டது. ஆயினும் பராமரிப்பாளர் செடி வளர்க்க முடியாது; உரிமம் பெற்ற நிலையத்தில் வாங்கி வந்து, நோயாளி உட்கொள்ள உதவலாம். அரசு வகுத்த பயிற்சியை முடிக்க வேண்டும்; நெருங்கிய உறவினர் அல்லாதவர் பின்னணிச் சோதனைக்கும் உட்பட வேண்டும். சில விதிவிலக்குகள் நீங்கலாக ஒருவர் ஒரு நோயாளிக்கே பொறுப்பேற்க முடியும். பராமரிப்பு என்ற ஒரே சொல் ஒரு மாகாணத்தில் தோட்டக்காரரையும், மற்றொரு மாகாணத்தில் தாதியையும் குறிக்கிறது.

மாகாணம் எதுவாயினும், பதிவு அட்டையுடன் வரும் பொறுப்பு சிறிதன்று. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017-இல் வெளியிட்ட விரிவான ஆய்வறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் குமட்டல், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் உணரும் தசை இறுக்கம் ஆகிய மூன்றில் பயனுக்கு வலுவான சான்று உண்டு என்றது. கடுமையான இருவகைக் குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த மருந்தொன்று 2018-இல் முறைப்படி ஒப்புதல் பெற்றது. இதற்கு மேல் புற்றுநோயையே குணமாக்கும் என்பன போன்ற விளம்பரங்களைப் பராமரிப்பாளர் நம்பலாகாது. முதியவருக்குத் தலைசுற்றலும் தடுமாறி விழும் ஆபத்தும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் வார்ஃபரின் போன்ற மருந்துகளுடன் இது வினைபுரியக்கூடும். சிறிய அளவில் தொடங்குதல், உட்கொண்ட அளவையும் விளைவையும் எழுதி வைத்தல், குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைத்தல், மருத்துவரிடம் எதையும் மறைக்காதிருத்தல் ஆகியன அவர்தம் அன்றாடக் கடமைகள்.

இத்தனை விதிகளுக்கு உட்பட்டும் பராமரிப்பாளர் முழுப் பாதுகாப்பு பெற்றுவிடுவதில்லை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஏஞ்சல் ரைச் என்னும் நோயாளிக்கு, இரு பராமரிப்பாளர்கள் கஞ்சா வளர்த்துக் கட்டணமின்றி வழங்கி வந்தனர். அவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 2005-இல், 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில், மாகாணச் சட்டம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு அது துணைகொண்ட முன்னோடித் தீர்ப்பு 1942-ஆம் ஆண்டின் கோதுமை வழக்கு. ஒதுக்கீட்டுக்கு மேல் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கோதுமை விளைவித்த ஒஹையோ விவசாயி ஒருவர், சந்தைக்கே செல்லாவிட்டாலும் தேசியச் சந்தையைப் பாதிக்கிறார் என்பது அன்றைய வாதம். அதே தர்க்கப்படி, விலையின்றிக் கொடுக்கப்பட்ட கஞ்சாவும் சந்தைப் பொருளாயிற்று. பராமரிப்பைச் சந்தைக்கு வெளியே வைக்க மாகாணங்கள் முயல, சந்தைக்கு வெளியே எதுவுமில்லை என்றது உச்சநீதிமன்றம்.

மாகாணங்களின் மருத்துவக் கஞ்சாத் திட்டங்களில் தலையிட நீதித் துறை நிதியைச் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் 2014-இல் விதித்த நிபந்தனை ஓரளவு நிம்மதி தந்தது. ஆனால், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய நிபந்தனை.

நம்மவர் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் வாழும் தமிழர் ஒருவர், நோயுற்ற நண்பருக்கோ துணைவருக்கோ நல்லெண்ணத்துடன் பராமரிப்பாளராகப் பதிவு செய்துகொள்ள நினைக்கலாம். கஞ்சா தொடர்பான செயல் மாகாணச் சட்டப்படி குற்றமில்லை என்றாலும், குடியுரிமைக்குத் தேவையான 'நன்னடத்தை'க்கு அது தடையாகலாம் என்று அந்நாட்டுக் குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. குடியுரிமை பெற்றவருக்கு இரக்கச் செயலாக இருப்பது, பெறாதவருக்கு அவர் எதிர்காலத்தையே பணயம் வைப்பதாக முடியலாம். எனவே, குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்குரைஞரைக் கலந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். மாகாண எல்லையைக் கடந்தோ, விமானத்திலோ அதை எடுத்துச் செல்லவும் கூடாது. அந்த அட்டைக்கு நம் நாட்டில் எந்த மதிப்பும் இல்லை. கஞ்சாவைக் கொண்டுவருவது 1985-ஆம் ஆண்டின் நமது போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கடுங்குற்றம்.

இன்று அந்த ஏற்பாட்டின் தன்மையும் மாறி வருகிறது. கலிஃபோர்னியா 2016-இலும், மிச்சிகன் 2018-இலும் வயது வந்தோர் எவரும் கஞ்சாவைப் பயன்படுத்த அனுமதித்தன. தெருவுக்குத் தெரு கடை திறந்த பின், பராமரிப்பாளர் எதற்கு என்று கேட்போர் உண்டு. கடைக்காரர் பொருளை விற்பார். அதை எடுத்துக்கொண்ட நோயாளி நள்ளிரவில் தடுமாறி எழும்போது தாங்கிப் பிடிக்க மாட்டார். கடைக்குச் செல்ல இயலாதவருக்கும், கடை எதுவும் விற்காத சிறாருக்கும் பராமரிப்பாளர் இன்றும் தேவைப்படுகிறார்.

மருத்துவக் கஞ்சாவை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தச் சமூகத்தின் முடிவு. நான் வலியுறுத்த விரும்புவது வேறு. மருத்துவர், மருந்து, நோயாளி என்ற மூன்றைச் சுற்றியே மருத்துவச் சட்டங்கள் எழுதப்படுகின்றன. நாலாவதாக ஒருவர் படுக்கையருகே அமர்ந்திருப்பது அவற்றின் கண்ணில் படுவதில்லை. நாட்டு வருமானக் கணக்கிலும் அவர் உழைப்பு இடம்பெறுவதில்லை. ஒரு விலக்கப்பட்ட செடியின் பொருட்டாவது, அமெரிக்க மாகாணங்கள் அவருக்குப் பெயரும், கடமையும், வரம்பும், ஓரளவு பாதுகாப்பும் அளித்துள்ளன. அவர்மீது பொறுப்பைச் சுமத்தும் சட்டம், அவருக்குரிய பாதுகாப்பையும் முழுமையாகத் தர வேண்டும். மாகாணம் தந்த அட்டையை மத்திய அரசு மறுக்கும் நிலை நீடிக்கும்வரை, நோயாளியின் வலி குறையலாம். பராமரிப்பவரின் அச்சம் குறையாது.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).