சாப்பாட்டுக்கு மார்க் போடலாமா?

சாப்பிட்டதைக் குறித்து வைத்தால் கலோரியைக் கூட்டிச் சொல்லும் செல்போன் 'ஆப்'கள், உணவின் தரத்துக்கு மார்க்கும் போட வேண்டுமா? போடட்டும். ஆனால், அந்த மார்க்கை அப்படியே நம்பிவிடாதீர்கள்!

பிரான்ஸில் 2017-ல் வந்த 'நியூட்ரி-ஸ்கோர்' முறை, பாக்கெட் உணவுகளுக்கு 'ஏ' முதல் 'ஈ' வரை கிரேடு தருகிறது. 'யூகா' ஆப் மார்க் போடுவதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான். சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாமே 100 கிராம் கணக்கு. அதனால் ஆலிவ் எண்ணெய் பின்தங்கிப் போனது. யாராவது 100 கிராம் எண்ணெயைக் குடிப்பார்களா? ஒரு ஸ்பூன்தானே! பின்னால் கணக்கைத் திருத்தித்தான் 'பி' கொடுத்தார்கள்.

இரண்டு பிஸ்கட் பாக்கெட்டில் எது தேவலை என்று பார்க்க மார்க் உதவும். ஆனால், அதற்கு உங்கள் உடம்பு தெரியாது. வாழைப்பழத்துக்கு நல்ல மார்க் விழலாம். பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளிக்கு அதுவே ஆபத்து. டாக்டர் சொன்ன அளவுதான் முதலில், மார்க் அப்புறம்!