கியர் பாக்ஸை இறக்கும் முன்

2014-ல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி. கியருடன் வந்த பிறகு, ஆட்டோமேட்டிக் கார் என்பது வசதி படைத்தவர்களின் சமாச்சாரம் என்ற நிலை மாறியது. ஆல்ட்டோ, வேகன் ஆர் என்று சின்ன கார்களிலும் அது பரவியது. அந்தத் தலைமுறைக் கார்களுக்கு இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிறது. தர்மபுரி, அரூர், பாலக்கோடு பக்கம் இவற்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: கியர் மாறும்போது வண்டி உதறுகிறது, இடிக்கிறது. அதைக் கேட்டதுமே, “கியர் பாக்ஸ் போச்சு, இறக்கித்தான் பார்க்கணும்” என்று சில ஒர்க்‌ஷாப்பில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்காதீர்கள். உதறலுக்கான பல காரணங்கள் கியர் பாக்ஸுக்கு வெளியில், குறைந்த செலவில் சரிசெய்யும் இடங்களில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே இறக்குகிற பேச்சு வரவேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்பது. ஏ.எம்.டி. உண்மையில் சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஒரு கருவி செய்கிறது. புதிதிலேயே லேசாகத் தலையாட்டுவது அதன் சுபாவம். அந்த ஆட்டம் நாளாக நாளாகக் கூடினால், தேய்ந்த கிளட்ச் பிளேட்டையோ, கிளட்சை இயக்கும் கருவியையோ, சர்வீஸுக்குப் பின் செய்யாமல் விட்ட கம்ப்யூட்டர் அளவீட்டையோ சந்தேகிக்க வேண்டும். பழைய ஐ10 போன்ற கார்களில் இருப்பது டார்க் கன்வெர்டர். அங்கே எல்லாமே ஆயிலின் அழுத்தத்தில் நடக்கிறது. ஹோண்டா சிட்டியின் சி.வி.டி.யில் கியர் படிகளே கிடையாது, கப்பிகளும் பெல்ட்டும்தான். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. போன்றவற்றில் இரட்டை கிளட்ச். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் இன்னொன்றுக்குப் பொருந்தாது; ஒன்றின் ஆயிலை மற்றொன்றில் ஊற்றினால் நல்ல கியர் பாக்ஸும் கெடும்.

டார்க் கன்வெர்டர் வகையில் ஆயிலுக்கு நான்கு வேலைகள்: இன்ஜின் சக்தியைக் கடத்துவது, உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது, உயவுவது, சூட்டைத் தணிப்பது. ஆயில் அளவு குறைந்தாலோ, சூட்டில் கெட்டாலோ அழுத்தம் நேரத்துக்கு வராது. தட்டுகள் தாமதமாகப் பிடித்து வண்டியைத் தூக்கிப் போடும். சிவப்பாக இருந்த ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால், அது முதல் தடயம். ஆயில் நன்றாக இருந்தாலும் உதறுகிறதென்றால், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா, த்ராட்டில் பாடியில் அழுக்கு படிந்திருக்கிறதா, பேட்டரி பலவீனமா, வேக சென்சார் தவறான தகவல் தருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் பிழைக் குறியீடுகளைப் படிக்கச் சொல்வதற்கு ஆகும் செலவு, கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியில் சிறு பங்குதான்.

ஆயில் விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம், ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்தது. செய்த வேலை, செயற்கை ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. ‘ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனியே சொல்கிறதே’ என்று சிலர் கேட்கலாம். கியர் பாக்ஸ் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் எட்டு வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. ‘பழைய வண்டிக்குப் புது ஆயில் ஊற்றினால் கியர் பாக்ஸ் செத்துவிடும்’ என்பது இன்னொரு பயம். அப்படி நின்றுபோன வண்டிகளில் பெரும்பாலும் தட்டுகள் முன்பே தேய்ந்திருக்கும். வழுக்க ஆரம்பித்த பிறகே ஆயில் மாற்றியிருப்பார்கள். மெஷின் வைத்து அழுத்திக் கழுவாமல், வடிவதை வடித்து அதே அளவு ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அதையே செய்வது பாதுகாப்பான முறை.

எல்லா உதறலும் பராமரிப்புக் குறையால் வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் பெட்டி பொருத்திய ஃபோர்டு கார்கள் உதறியபோது, ஓட்டுகிறவர்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டது. அந்தப் புகார்களைக் கையாண்ட முறைக்காக 2018-ல் அந்நாட்டு நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கியர் வழுக்குகிறது, ரிவர்ஸ் விழவில்லை, வடித்த ஆயிலில் உலோகத் துண்டுகள் மின்னுகின்றன என்றால் பழுது உள்ளேதான். அப்போது இறக்குவதைத் தவிர வழியில்லை.

நம் தர்மபுரி மாவட்டத்தின் நில அமைப்பும் இதில் சேர்கிறது. வத்தல்மலை ஏற்றத்திலும் ஒகேனக்கல் சாலையின் வளைவுகளிலும் வண்டியைப் பிரேக்கில் நிறுத்தாமல் ஆக்சிலரேட்டரிலேயே பிடித்து நிற்பது, ஏ.எம்.டி. கிளட்சைத் தீய்க்கும் பழக்கம். தொப்பூர் கணவாய் இறக்கம் இன்னும் கண்டிப்பானது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரி மோதி வண்டிகள் அடுத்தடுத்து நசுங்கி உயிர்கள் போயின. ஆட்டோமேட்டிக் கார் என்றாலும் அங்கே நியூட்ரலில் இறங்கக் கூடாது. ‘எல்’ நிலையிலோ மேனுவல் முறையில் தாழ்ந்த கியரிலோ, இன்ஜினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி இறங்க வேண்டும். கியர் தானாகக் கழன்று விழும் வண்டியை அந்த இறக்கத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

‘இத்தனை மெனக்கெடுவதற்கு வண்டியை விற்றுவிடலாமே’ என்றால், உதறும் வண்டிக்குக் கிடைக்கும் விலையும் உதறலாகவே இருக்கும். ஆயில், மவுண்டிங், பேட்டரி, ஸ்கேனர் இந்த நான்கையும் பார்த்ததற்கான பில்லையும் பிழைக் குறியீட்டையும் காட்டாத எந்த மெக்கானிக்கையும் உங்கள் கியர் பாக்ஸில் ஸ்பானர் வைக்க விடாதீர்கள்.