உங்களுக்குத் தெரியுமா? வட்டு திறக்காவிட்டாலும் தரவு அங்கேயே இருக்கலாம்

மெய்நிகர் கணினியின் வட்டைப் பெரிதாக்கும் வேலை கோளாறாகி, பிறகு கணினி இயங்க மறுத்தால், கோப்புகள் போய்விட்டன என்றே பலரும் முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் கெட்டுப்போனது தரவு அல்ல, அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்புதான். அந்தக் குறிப்புக்கும் நகல் உண்டு. ஜிபிடி எனும் வட்டுப் பகிர்வு முறை, பகிர்வு அட்டவணையை வட்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் வைக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையும் தன் அமைப்பு விவரங்கள் அடங்கிய சூப்பர்பிளாக்கைப் பல இடங்களில் நகலெடுத்து வைத்திருக்கிறது. 4 கேபி பிளாக் என்றால் முதல் நகல் வழக்கமாக 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். ஜிபிடியின் இரண்டு அட்டவணைகளுமே அழிந்தாலும், டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவி வட்டைத் துழாவிப் பகிர்வின் எல்லைகளைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

அப்படியானால் கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கருவியை உடனே ஓட்டிச் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். தயவுசெய்து வேண்டாம். அது வட்டில் எழுதும். பகிர்வின் எல்லை தவறாக இருக்கும்போது எழுதினால், நல்ல நிலையில் இருப்பதும் கெடும். முதலில் மெய்நிகர் வட்டாக இருக்கும் கோப்பைப் படியெடுத்து, அந்தப் படியில்தான் எதையும் முயல வேண்டும். முழுப் படிக்கு இடமில்லை என்பது நியாயமான தடைதான். ஆனால் மூலத்தைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதும் க்யூகவ்2 வடிவ மேலடுக்கு தொடக்கத்தில் 1 எம்பி கூடப் பிடிக்காது.

வட்டைச் சுருக்கும்போது நிலைமை வேறு. உள்ளிருக்கும் கோப்பு முறைமையை முதலில் சுருக்காமல் வட்டுக் கோப்பை வெட்டினால், வெட்டுண்ட பகுதி அந்தக் கோப்பிலேயே இராது. அங்கே பழைய காப்புப்படி மட்டுமே கைகொடுக்கும். மெய்நிகர் கணினிகளை இயக்கும் க்யூஈஎம்யு மென்பொருளின் கருவி, வட்டைச் சுருக்குவதற்கு மட்டும் தனி ஒப்புதல் கேட்பது இதனால்தான்.