சூளைக்குள் பூக்கும் பீங்கான் பூக்கள்!

பீங்கான் ஜாடி முழுக்க விசிறி விரித்ததுபோல நீலப் பூக்கள். பார்த்தால் தூரிகையால் வரைந்ததுபோலவே இருக்கும். ஆனால், அவை சூளைக்குள் தாமாக வளர்ந்த படிகங்கள். இந்த வேலைப்பாட்டுக்கு ‘கிரிஸ்டலைன் கிளேஸ்’ என்று பெயர்.

பீங்கானுக்குப் பளபளப்புத் தரும் கண்ணாடி போன்ற மேல்பூச்சுதான் கிளேஸ். இந்த வகைப் பூச்சில் துத்தநாக ஆக்ஸைடும் சிலிக்காவும் அதிகம். சுமார் 1,260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்போது எல்லாம் உருகிவிடும். பிறகு வெப்பத்தை 1,100 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கி, சில மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அப்போது துத்தநாகமும் சிலிக்காவும் சேர்ந்து ‘வில்லமைட்’ படிகங்களாக வளரும். கல்கண்டு காய்ச்சுபவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புரியும். பாகு நிதானமாக ஆறினால்தானே பெரிய கட்டிகள் கிடைக்கும்! பூச்சில் கோபால்ட் சேர்த்தால் நீலம், தாமிரம் சேர்த்தால் பச்சை.

சிக்கல் எங்கே? சாதாரண கிளேஸ் வழியாமல் ஜாடியில் ஒட்டி நிற்கக் காரணம் அலுமினா. ஆனால், அது அதிகமானால் படிகம் வளராது. குறைத்தாலோ பூச்சு தேனாக வழிந்து, ஜாடியைச் சூளைத் தட்டோடு ஒட்டவைத்துவிடும். அதனால் ஜாடிக்கு அடியில் ஒரு பீடம், வழிவதைப் பிடிக்க ஒரு கிண்ணம் வைக்கிறார்கள். சூளை ஆறியதும் பீடத்தைத் தட்டிப் பிரித்து, அடிப்பாகத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தக் கடைசித் தட்டலில் விரிசல் விழுந்தால், அத்தனை நாள் உழைப்பும் வீண்.

இந்தச் சவாலை நூறு வருடங்களுக்கு முன்பே ஏற்றவர், அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரைச் சேர்ந்த அடிலெய்ட் ராபினோ. மூன்று குழந்தைகளின் தாய். பீங்கானில் சித்திரம் தீட்டிக்கொண்டிருந்தவர், தானே பீங்கான் செய்ய முடிவெடுத்தார். பிரான்ஸின் புகழ்பெற்ற செவ்ர் பீங்கான் ஆலையில் பணியாற்றிய டாக்ஸில் டோவா எழுதிய தொழில்நுட்பக் குறிப்புகளை அவருடைய கணவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, படிகப் பூச்சில் சோதனைமேல் சோதனை செய்தார் அடிலெய்ட். 1911-ல் இத்தாலியின் டுரின் சர்வதேசக் கண்காட்சியில் அவரது பீங்கான்களுக்கு உயரிய பரிசு கிடைத்தது.

இன்று மின்சூளையின் வெப்பத்தைக் கருவியே கவனித்துக்கொள்கிறது. இருந்தாலும் ஒரே கலவை பூசி, ஒரே சூளையில் வைத்த இரண்டு ஜாடிகள் ஒன்றுபோல வருவதில்லை. எந்தப் பூ எங்கே மலரும் என்பது சூளைக் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.