முதல் மிடறுக்கு முன்னால்

2006 நவம்பரில் மும்பை பாந்திராவின் கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் ஒரு கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டியவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 112 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வகுத்த வரம்பு 30. அவருக்கு விதிக்கப்பட்ட மூன்றாண்டுச் சிறைத்தண்டனையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தக் காரில் நண்பர்களும் இருந்தார்கள் என்பது அதிகம் பேசப்படாத விஷயம். சேர்ந்து போகிறவர்களில் ஒருவர் அன்றைக்கு மதுவைத் தொடுவதில்லை, திரும்பும்போது வண்டி அவர் கையில் என்று முன்கூட்டியே பேசிவைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நம்மிடம் அது இன்னும் வேரூன்றவில்லை. அந்த ஏற்பாட்டின் உயிர் ‘முன்கூட்டியே’ என்பதில்தான் இருக்கிறது.

ஆல்கஹாலுக்குச் செரிமானம் தேவையில்லை. சிறுகுடல் வழியாக ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் மூளையை எட்டிவிடும். நாக்கு குழறுவதற்கும் கால் தள்ளாடுவதற்கும் முன்பே எடைபோட்டுப் பார்க்கும் திறனும் தன்னடக்கமும் தளரத் தொடங்கிவிடுகின்றன. ‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. தன் நிலையை அளக்கும் கோலே வளைந்துபோனதை அவர் அறியமாட்டார், அவ்வளவுதான். கல்லீரலோ அவசரப்படாது. மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிகிராம் என்ற கணக்கில்தான் ரத்தத்தின் ஆல்கஹால் அளவு குறையும். 112 என்பது 30க்கு இறங்க நான்கு முதல் ஐந்தரை மணி நேரம் ஆகும். கட்டிங் சாய், எலுமிச்சைச் சாறு, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் இதைத் துரிதப்படுத்தாது. பான் போட்டால் வாடை மறையலாம். நுரையீரலிலிருந்து வரும் காற்றை அளக்கிற கருவியை ஏமாற்ற முடியாது. ஆகவே யார் ஓட்டுவது என்ற கேள்வியை நள்ளிரவில் பார் வாசலில் கேட்பது வீண். முதல் மிடறுக்கு முன்பே அதற்கு விடை இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு வேலை செய்யுமா என்று கேட்பவர்களின் சந்தேகம் நியாயமானது. 1988இல் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஜே வின்ஸ்டன் இந்த யோசனையைத் தொலைக்காட்சித் தொடர்களின் வசனத்துக்குள் நுழைத்தார். நான்கு பருவங்களில் 160க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அது வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் குடிபோதை விபத்து மரணங்கள் கணிசமாகக் குறைந்தன. ஆனால் சட்டங்களும் அப்போது இறுகியதால் முழுப் பெருமையையும் வசனத்துக்குக் கொடுக்க முடியாது. 2013இல் வெளியான ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வு இன்னும் சங்கடமானது. ‘இன்று நான்தான் ஓட்டுகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு பாரிலிருந்து வெளியே வந்தவர்களை ஊதச் சொன்னபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் குடித்திருந்தார்கள். இருப்பவர்களில் குறைவாகக் குடித்தவரை ஓட்டுநராக்கும் பழக்கம்தான் இது. நம் ஊரிலும் இது புதிதல்ல. பாதி மதுவிலக்கு என்று ஒன்று கிடையாது. அந்த ஒருவர் ஒரு துளியும் தொடக்கூடாது. இதற்குக் காவல்துறையின் கெடுபிடியும் வேண்டும். சாலையில் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனைகள் மது தொடர்பான விபத்துகளை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்ததாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வழியில் நாகாபந்திச் சோதனை இருக்கும் என்ற பயம்தான் ஒருவரைச் சோடாவோடு நிறுத்திவைக்கும்.

மற்றொரு மறுப்பு, தனியாகக் குடிக்கப் போனவருக்கு நண்பர் எங்கே என்பது. 2015 ஜூனில் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில், செம்பூர்ப் பக்கம், எதிர்த்திசையில் வந்த ஒரு கார் டாக்ஸியில் மோதி அதன் ஓட்டுநரும் ஒரு பயணியும் இறந்தார்கள். காரில் இருந்தவர் ஒரே ஒருவர். குடித்திருந்தார் என்பது போலீஸின் குற்றச்சாட்டு. இப்படிப்பட்டவருக்கு வாடகை டிரைவரோ டாக்ஸியோதான் வழி. கொரியாவில் குடித்தவரின் காரை வீடுவரை ஓட்டித் தருவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. நண்பர்கள் கூட இருந்தும் தடுக்காவிட்டால்? ஜப்பான் 2007இல் சட்டத்தைத் திருத்தி, போதையில் இருப்பவருக்கு வண்டி கொடுத்தவர், ஓட்டப்போகிறவருக்கு மது கொடுத்தவர், கூட ஏறியவர் எல்லோரையும் தண்டனைக்குள் கொண்டுவந்தது. நம் சட்டத்திலும் துணைபோவதற்கு 188ஆம் பிரிவு இருக்கிறது. 2022இல் சென்னைப் போலீஸ் அதைக் காட்டி, உடன் வருபவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தபோது ‘பின்னால் உட்கார்ந்தவன் என்ன செய்தான்’ என்று பலர் கொதித்தார்கள். எதுவும் செய்யாமல் ஏறி உட்கார்ந்தான் என்பதுதான் குற்றம் என்பது என் கருத்து.

ஒருவர் குடிக்காமல் இருந்து ஓட்டுவது என்ற, கார்க்காரர்களுக்காகப் பிறந்த இந்த யோசனை மான்குர்த், கோவண்டி, சீத்தா கேம்ப் பக்கம் வந்தால் சற்று நொண்டும். இங்கே நான்கு பேர் சேர்ந்தால் ஒரு கார் இருக்காது. இரண்டு பைக் இருக்கும். ஒருவர் குடிக்காமல் இருந்தால் ஒரு பைக்தான் பத்திரம். இருவர் விலகியிருக்க வேண்டும், இல்லையேல் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு ஹார்பர் லைன் ரயிலிலோ ஷேர் ஆட்டோவிலோ போக வேண்டும். பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், அதை ராத்திரி முழுக்க வெளியே விட யாருக்கும் மனம் வராது. திருட்டுப் பயம், காலை ஷிஃப்ட்டுக்கு வண்டி வேண்டும் என்ற கவலை. குடித்தவரிடமிருந்து சாவியை வாங்கிவைக்கச் சொல்லும் போலீஸும் பார் நடத்துபவர்களும், வண்டியைக் காலைவரை பத்திரமாக நிறுத்த ஓர் இடத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கும்.