இல்லாத காலுக்கு ஒரு கண்ணாடி

காலை எடுத்த பிறகும் கால் வலிக்கும். கையோ காலோ இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வலி வந்துவிடுகிறது. ஆனால் எங்கள் பக்கம் அதை வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. நான் திண்டிவனத்தில் பிசியோதெரபிஸ்ட். சர்க்கரை முற்றிக் காலை எடுத்தவர்கள், ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கோடு விழுந்தவர்கள், கரும்பு ஜூஸ் மெஷினில் கையைக் கொடுத்தவர்கள் என்று வருவார்கள். செயற்கைக் கால் எப்போது போடலாம், உதவித்தொகைக்கு எங்கே எழுதிப் போடுவது என்றெல்லாம் கேட்பார்கள். வலியை மட்டும் நாமாகக் கிளறினால்தான் உண்டு. அதுவும் கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொன்ன பிறகு.

"இன்னான்னு சொல்றதும்மா... போன காலோட கட்டைவிரலு மடங்கிக்கினு நிமிர மாட்டேங்குது. சொன்னா வூட்ல சிரிக்கிறாங்க" என்றார் மயிலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தது. தொடையில் மந்திரித்த கறுப்புக் கயிறு. காத்து கருப்பு அண்டிவிட்டது என்று மருமகள் கூட்டிப்போய்க் கட்டிவிட்டாராம். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். 1797இல் சண்டையில் வலது கையை இழந்த இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சன், இல்லாத கை இருப்பதுபோல் தோன்றுவதே ஆன்மா உண்டு என்பதற்குச் சாட்சி என்று சொன்னதாகச் சொல்வார்கள். மயிலத்து மருமகள் அந்த அளவுக்குப் போகவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் போன சிப்பாய்களைப் பார்த்த வியர் மிட்செல் என்ற டாக்டர்தான் 1871இல் இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயர் வைத்தார். பெயர் வந்ததே தவிர வைத்தியம் வரவில்லை. வெட்டிய இடத்து நரம்பு முனைகள்தான் வலிக்குக் காரணம் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிப் பார்த்த டாக்டர்களும் உண்டு. பாவம் அந்த நோயாளிகள்.

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டவர் நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மூளையை ஆராய்ந்தவர். 2007இல் பத்ம பூஷண் கொடுத்தார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது அவர் கையாண்ட சாமான்கள்: காது குடையும் பஞ்சுக் குச்சி, அட்டைப்பெட்டி, சாதாரண முகக் கண்ணாடி. பெரிய பெரிய ஸ்கேன் மெஷின்கள் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தார்.

கையை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சுக் குச்சியால் முகத்தைத் தொட்டுக்கொண்டே போனார். கன்னத்தில் வைத்தால், கன்னமும் தெரிகிறது, இல்லாத கட்டைவிரலும் தெரிகிறது என்றார் இளைஞர். மேலுதட்டில் வைத்தால் ஆள்காட்டி விரல். மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் பக்கத்துப் பக்கத்தில். கையிலிருந்து சேதி வராமல் தரிசாகக் கிடந்த நிலத்தில் பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளி உழுதுவிட்டார் என்பது ராமச்சந்திரன் தந்த விளக்கத்தின் சாரம்.

அடுத்தது கண்ணாடி. பைக் விபத்தில் கை போன ஒருவருக்குப் பல வருஷமாக மாயக் கை விறைத்து நின்று வலித்தது. அட்டைப்பெட்டிக்கு நடுவே கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, நல்ல கையை ஒரு பக்கம் விடச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் போன கை திரும்பி வந்து நிற்கிறது. நல்ல கையை அசைத்தால் அதுவும் அசைகிறது. கண்ணைத் திறந்து பார்க்கும்போது விறைப்பு விட்டது, மூடினால் மறுபடி விறைத்தது. பெட்டியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். சில வாரம் கழித்து அவர் கூப்பிட்டு, மாயக் கையே காணாமல் போய்விட்டது, விரல்கள் மட்டும் தோளில் தொங்குகின்றன, முழங்கை வலி போய்விட்டது என்றாராம்.

ஒருவருக்குச் சரியானது சான்றாகாது. 2007இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் காலை இழந்தவர்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கண்ணாடி, ஒன்றுக்குத் துணி போர்த்திய கண்ணாடி, மூன்றாவது பிரிவு கண்ணை மூடிக் கற்பனை மட்டும். நான்கு வாரம் கழித்து, கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்திருந்தது. துணி போர்த்தியதைப் பார்த்தவர்களில் ஒருவருக்கு, கற்பனை செய்தவர்களில் 2 பேருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனால் அதைப் படித்த பிறகுதான் நான் விழுப்புரம் நேருஜி ரோட்டுக்குப் போய்க் கண்ணாடி வெட்டச் சொன்னேன். மூன்றடிக்கு ஒன்றரை அடி, ஓரம் தேய்த்து, பின்னால் பிளைவுட். "பீரோவுக்காம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். காலுக்கு என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

பெஞ்சில் காலை நீட்டி உட்கார வைத்து, இரண்டு தொடைக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்துவேன். இரண்டு காலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டிய கயிறோ பேண்டேஜோ இருந்தால் மனசு ஒப்பாது, கழற்றச் சொல்வேன். பெண்கள் மெட்டியைக் கழற்ற மாட்டார்கள். கழற்றவும் வேண்டாம். போன காலிலும் மெட்டி இருந்ததுதானே, கண்ணாடி அதையும் சேர்த்துக் காட்டிவிடும். ஒரு அம்மா, இல்லாத காலில் மெட்டி இறுக்குவதாகவே சொன்னார். பிறகு மெதுவாகப் பாதத்தை மேலே, கீழே. விரலை மடக்கு, விரி. மயிலத்துப் பெரியவர் முதல் தடவை விரலை விரித்ததும் கண்ணாடியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நிமிந்துச்சும்மா" என்றார். சிலருக்குத் தலை சுற்றும், சிலர் அழுதுவிடுவார்கள். சிலருக்கு ஒன்றுமே ஆகாது.

கண் பார்ப்பதைத் தோல் நம்புகிறது என்றால், புலன்கள் தனித்தனி அறையில் குடியிருக்கவில்லை என்று அர்த்தம். ராமச்சந்திரன் 2001இல் எட்வர்ட் ஹப்பர்டுடன் எழுதிய கட்டுரையில் இதற்கு இன்னொரு வேடிக்கையான சான்று உண்டு. முட்கள் போல் நீட்டிய ஒரு படம், உருண்டையாகக் கொழகொழவென்று ஒரு படம். இதில் எது 'கிகி', எது 'பூபா'? அமெரிக்க மாணவர்களிடமும் கேட்டார், தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டார். 95 சதவீதத்துக்கு மேல் முள் படம்தான் கிகி என்றார்கள். கிளினிக்கில் காத்திருக்கும் பிள்ளைகளிடம் நானும் கேட்பேன். பெரியவர்கள்தான் இது எதற்கு என்று யோசிப்பார்கள்.

ஒரு புலனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்கும் தாவுமா? 2009இல் ராமச்சந்திரன் டேவிட் பிராங்குடன் அதையும் சோதித்துப் பார்த்தார். கை இழந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்க, வேறொருவர் கையை நீவிவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மாயக் கையில் நீவுவது தெரிந்தது. இத்தாலியில் ரிசோலாட்டி குழு 1990களில் குரங்குகளிடம் கண்ட 'கண்ணாடி நியூரான்'களை வைத்து இதை விளக்கினார். அடுத்தவரைத் தொடுவதைப் பார்த்தால் நம் மூளையிலும் அந்த நியூரான்கள் கிளம்புகின்றன, ஆனால் நம் தோல் 'உன்னைத் தொடவில்லை' என்று தடுத்துவிடுகிறது, கை இல்லாதவருக்குத் தடுக்க ஆளில்லை. இவற்றுக்குக் 'காந்தி நியூரான்' என்றும் பெயர் வைத்தார். அவருக்குப் பெயர் வைப்பதில் ஒரு ஆசை. அந்த நியூரான்களின் தலையில் அவர் ஏற்றிய பாரம் அதிகம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் மயிலத்துப் பெரியவர் வீட்டில் பாட்டி பேரன் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது எதிரில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். இதமாக இருக்கிறது என்றார். அதைவிட, மருமகள் சிரிப்பதை விட்டு, "இப்ப எப்பிடி இருக்குது மாமா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

வரப்புக் கதைக்கும் எதிர்வழக்கு வந்துவிட்டது. தாமர் மேக்கின் என்ற மூளை ஆய்வாளரின் குழு, கையை எடுக்கும் முன்பே மூவரை ஸ்கேன் செய்துவைத்து, எடுத்த பிறகும் செய்து 2025இல் வெளியிட்டது. கைக்குரிய இடம் அப்படியே இருந்தது, முகம் அதில் புகவில்லை. பட்டா மாறவே இல்லை என்கிறார்கள். கண்ணாடிச் சிகிச்சை பற்றிய பிற்கால ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஏன் பலிக்கிறது, யாருக்குப் பலிக்கிறது என்று வழக்கு நடக்கட்டும். செலவில்லாத, மருந்தில்லாத ஒன்றை முயன்று பார்க்க நான் தீர்ப்புக்குக் காத்திருப்பதில்லை.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: ஒரு தடவை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு ஆரம்பியுங்கள். தினமும் 15 நிமிஷம் போதும், நாலு வாரமாவது விடாமல் செய்யுங்கள். தலை சுற்றினாலோ வலி கூடினாலோ நிறுத்திவிடுங்கள். வெட்டிய இடமே சிவந்து, வீங்கி, சீழ் வைத்து வலிக்கிறது என்றால் அது மாய வலி அல்ல. கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.