பட்டையும் புள்ளியும் எங்கிருந்து வருகின்றன?

கெட்டிமேளம் முழங்கத் தாலி கட்டும் நேரம். கேமரா விடாமல் சொடுக்குகிறது. பிறகு கணினியில் போட்டுப் பார்த்தால், மாப்பிள்ளையின் முகத்துக்குக் குறுக்கே மங்கலாக ஒரு பட்டை. அடுத்த படத்தில் அதே பட்டை மணப்பெண்ணின் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது. கேமரா போய்விட்டது என்று பதற வேண்டாம். கோளாறு பெரும்பாலும் மண்டபத்து விளக்கில்தான்.

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கின் ஒளி இரண்டு முறை கூடிக் குறையும். ஆக, நொடிக்கு 100 துடிப்பு. நல்ல எல்இடி விளக்குகளுக்குள் இருக்கும் மின்சுற்று இந்தத் துடிப்பை அடக்கிவிடும். மலிவானவற்றில் அது அப்படியே வெளியே தெரியும். கண் அதை உணர்வதில்லை, கேமரா உணர்கிறது. காரணம், பெரும்பாலான சென்சார்கள் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவதில்லை, வரிவரியாகப் பதிகின்றன. ஷட்டர் வேகம் 1/1000 என்றால் சில வரிகள் விளக்கு பிரகாசிக்கும்போதும் சில வரிகள் அது மங்கும்போதும் பதிவாகும். அந்த வேறுபாடுதான் பட்டை.

வேகத்தை 1/100 அல்லது 1/50 ஆகக் குறைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்பு கிடைத்து, பட்டை மறையும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுவது நல்லது. ஜப்பானில் இது இன்னும் சுவாரசியம். டோக்கியோவில் 50 சுழற்சி, ஒசாகாவில் 60. ஒரே நாட்டுக்குள் ரயில் ஏறி இறங்கினால் ஷட்டர் வேகத்தையும் 1/60க்கு மாற்ற வேண்டியிருக்கும்!

நெருக்கமான கட்டம் போட்ட சட்டையில் வானவில் போல நெளிநெளியாக நிறம் ஓடுவது வேறு கதை. துணியின் இழை வரிசையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. இரண்டடி முன்னே பின்னே நகர்ந்து எடுத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி நிற்கிறதா? லென்ஸை மாற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால், சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் தூசி ஒட்டியிருக்கிறது. எஃப் 2.8இல் அது கரைந்துபோகும். துவாரம் சுருங்கும் எஃப் 16இல் நிழல் கூர்மையாக விழும். அதனால் எஃப் 16 வைத்துத் தெளிந்த வானத்தை எடுத்துப் பார்ப்பதே சரியான சோதனை. பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல்பக்கம் தெரியும் புள்ளி சென்சாரின் கீழ்ப்பக்கம் இருக்கும். 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1 முதல், தூசியை அதிர்வால் உதறிவிடும் வசதியும் கேமராக்களுக்குள்ளேயே வரத் தொடங்கியது. முதலில் அதை இயக்குங்கள்.

அதிலும் போகவில்லையென்றால், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் காற்றடியுங்கள். வாயால் மட்டும் ஊதிவிடாதீர்கள். தெறிக்கும் எச்சில் துளி காய்ந்து ஒட்டிக்கொண்டால், தூசியைவிட அதை எடுப்பது கடினம்.